முதலில் கல்லைத் தொடட்டும்

என் அக்காவின் மகளுக்கு ஏழு வயது. ஹரோவில் இயர் த்ரீ படிக்கிறாள். போன மாதம் அவர்கள் வீட்டுக்குப் போனபோது டியூஷன் தாளை வைத்து ஒப்பித்துக்கொண்டிருந்தாள்: இக்னியஸ், செடிமென்டரி, மெட்டமார்ஃபிக். ஒரு பிழை இல்லை. நான் குசினியிலிருந்த சின்னக் கிரனைட் உரல், தோட்டத்துச் சரளையில் கிடந்த ஒரு ஃபிளின்ட் கல், அக்கா குதிக்கால் தேய்க்கும் பியூமிஸ் கல் மூன்றையும் மேசையில் வைத்து, "இதுகளை ரெண்டு கூட்டமாப் பிரிச்சுக் காட்டு" என்றேன். அவள் கல்லைப் பார்க்கவில்லை, தாளைப் பார்த்தாள்.

"இது ஷீட்டில இல்லை, மாமா."

இதை வாசிக்கும் உங்களில் பலர் இப்படித்தான் படித்திருப்பீர்கள். நானும்தான். அதனால் உங்கள் தம்பி தங்கைகளுக்காக ஒன்று சொல்கிறேன்: சின்னப் பிள்ளைக்குக் கல்லின் பெயரை முதலில் கொடுக்காதீர்கள், கல்லைக் கொடுங்கள்.

இங்கிலாந்தின் பாடத்திட்டமே இதைத்தான் கேட்கிறது. 2014 முதல் நடைமுறையில் உள்ள அந்தத் திட்டம், இயர் த்ரீ பிள்ளைகள் கற்களைத் தோற்றத்தையும் எளிய இயல்புகளையும் வைத்து ஒப்பிட்டுப் பிரிக்கவேண்டும் என்கிறது. அந்த மூன்று பெரிய பெயர்களும் பதினொரு வயதுக்குப் பிறகு, செகண்டரி பள்ளியில்தான் வருகின்றன. நாம்தான் அவசரப்படுகிறோம்.

பெயரை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் என்ன கெட்டுவிடும் என்று அக்கா கேட்டாள். நியாயமான கேள்வி. அந்த மூன்று கற்களையே பாருங்கள். கிரனைட் கனமானது, பியூமிஸ் தண்ணீரில் மிதக்கும். ஆனால் இரண்டும் இக்னியஸ். இரண்டுமே உருகிய பாறைக் குழம்பிலிருந்து பிறந்தவை. ஒன்று நிலத்தின் ஆழத்தில் மெதுவாக ஆறியது, மற்றது எரிமலையில் நுரைத்தபடியே இறுகியது. அந்தப் பெயர் கல்லின் பிறப்பைச் சொல்கிறது. பிறப்பைக் கண்ணால் பார்க்க முடியாது. எடை, கடினம், சொரசொரப்பு இவற்றைக் கையால் அறியலாம். கையால் அறிந்த பிள்ளைக்குத்தான், "இவ்வளவு வித்தியாசமான ரெண்டும் எப்படி ஒரே குடும்பம்?" என்ற கேள்வி வரும். மனப்பாடம் செய்தவளுக்கு அது விடையாக மட்டுமே இருக்கும்.

தேவையானவை எல்லாம் வீட்டிலேயே உண்டு. ஒரு வாளித் தண்ணீர்: எது மிதக்கிறது? ஓர் இரும்பு ஆணி: எதில் கீறல் விழுகிறது? 1812இல் ஃபிரெட்ரிக் மோஸ் கனிமங்களைக் கடினத்தின்படி பத்துப் படிகளில் வரிசைப்படுத்தியதும் இதே கீறல் சோதனையை வைத்துத்தான். தோட்டக் கடையில் ஒரு துண்டுச் சுண்ணாம்புக்கல் வாங்கி, அதில் சில துளி வினிகர் விடுங்கள். சிறு குமிழிகள் வரும். கிரனைட்டில் வராது. (செயின்ட் பால்ஸ் தேவாலயமும் போர்ட்லாண்ட் சுண்ணாம்புக்கல்தான். அங்கே வினிகர் வேண்டாம், கண்ணால் பார்த்தால் போதும்.)

நம் தமிழே இப்படித்தான் கற்களுக்குப் பெயர் வைத்தது. நிறத்தைப் பார்த்துக் கருங்கல். தட்டினால் தீப்பொறி தருவது சிக்கிமுக்கிக்கல், அதுதான் அந்த ஃபிளின்ட். மாவாக உதிர்வது மாக்கல். பெயருக்குள்ளேயே ஒரு சோதனை இருக்கிறது.

இயல்பு தெரிந்தால் ஊரும் புரியும். யாழ்ப்பாணத்தில் ஏன் பெரிய ஆறு இல்லை, ஏன் வீட்டுக்கு வீடு கிணறு என்று சின்ன வயதில் அம்மாவிடம் கேட்டிருக்கிறேன். "எங்கட ஊர் அப்படித்தான்" என்பார். குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். மழைநீர் அதன் வெடிப்புகளிலும் துளைகளிலும் இறங்கி, நிலத்துக்குள்ளே தங்குகிறது. நீர் அந்தக் கல்லை மெல்ல மெல்லக் கரைக்கவும் செய்கிறது. குமிழி விட்ட அந்தத் துண்டைப் பார்த்த பிள்ளைக்கு இதைச் சொன்னால் உடனே பிடித்துக்கொள்வாள்.

நான் ஐடி வேலையில் தினமும் தரவுகளை வகைப்படுத்துகிறேன். அங்கே முதல் கேள்வி, "எதை வைத்துப் பிரிக்கிறோம், யாருக்காக?" என்பதுதான். அந்தக் கேள்வி நமக்கும் புதிதல்ல. 2021 சென்சஸ் படிவத்தில் இந்தியன், பாகிஸ்தானி, பங்களாதேஷி, சைனீஸ் எல்லாவற்றுக்கும் பெட்டி இருந்தது. எங்கள் வீட்டில் 'வேறு ஏசியன்' என்ற பெட்டியில் அடையாளம் போட்டோம். பெட்டிகள் தேவைதான். ஆனால் அவை வானத்திலிருந்து விழவில்லை, யாரோ ஒரு காரணத்துக்காக வரைந்தவை. இதை ஏழு வயதில் மூன்று கற்களை வைத்தே சொல்லிக்கொடுக்கலாம்.

அன்று அவள் கடைசியில் தாளை மூடிவிட்டுப் பிரித்தாள். உரல் ஒரு பக்கம், மற்ற இரண்டும் மறுபக்கம்.

"ஏன்?" என்று கேட்டேன்.

"இது ரெண்டையும் நான் ஒரு கையால தூக்குவன்."

எந்தத் தாளிலும் இல்லாத விடை. ஆனால் அது அவளுடைய விடை, காரணத்தோடு வந்த விடை. நான் முழு மார்க் போட்டேன்.