மஞ்சள் சட்டைப் பிள்ளைகளுக்கு

ஐபிஎல் வந்தாலே நம் ஓசூரில் வீட்டுக்கு வீடு சண்டை. அண்ணன் சென்னை, தம்பி பெங்களூரு. "எக்காலத்துக்கும் சிறந்த அணி எது சார்?" என்று என்னையும் இழுக்கிறீர்கள். இரண்டும் இல்லை. ஏலத்தில் எடுத்த ஆட்களை வைத்து என்னய்யா ஊர்ப்பெருமை?

என் ஓட்டு 2013-15 கர்நாடக அணிக்கு. ரஞ்சி, இரானி, விஜய் ஹசாரே மூன்றையும் அடுத்தடுத்து இரண்டு சீசன் வென்றார்கள். 2015 ரஞ்சி இறுதியில் நம்மை 134 ரன்னில் சுருட்டினார்கள். கருண் நாயர் 328! கேப்டன் வினய் குமார் 5 விக்கெட் எடுத்து, சதமும் அடித்தார். பம்பாய் தொடர்ந்து 15 முறை ரஞ்சி வென்றதே என்பீர்கள். 1973-74இல் அதை நிறுத்தியதும் இதே கர்நாடகாதான்.

"தமிழ் வாத்தியார் இப்படிப் பேசலாமா?" என்று மருமகனுக்குக் கோபம். மாப்பிள்ளை, தமிழ்நாடு ரஞ்சி வென்றது இரண்டே முறை: 1954-55, 1987-88. அதன்பின் பிறந்த என் மாணவர்களுக்கே தலை நரைக்கிறது. சூப்பர் கிங்ஸின் ஐந்து கோப்பைக்கு வெடி வெடித்தவர்களில் ஒருவராவது இதைக் கேட்டீர்களா? கேட்டால் நான் துரோகியா?

கிருஷ்ணகிரிப் பையன் ஒருவன் மாநில அணிக்குள் வர என்ன வழி என்று சேப்பாக்கத்தைக் கேளுங்கள். நானும் வந்து கத்துகிறேன்.