உறுப்புக்கொடையும் நாளிதழ்ச் சொற்களும்

இறந்தாரைத் துஞ்சினார் எனக் கூறுவதை மங்கல வழக்கு என்பர் நம் இலக்கணிகள். துயருற்றோர் மனம் நோகாதிருக்க எழுந்த அவ்வழக்கு பண்புடையதே. ஆயினும், உறுப்புக்கொடைச் செய்திகளில் சாவைச் சாவு என்று கூறத் தயங்குவது தீங்காய் முடிகிறது.

மூளைச்சாவு அடைந்தவர் பின்னர்ச் சிகிச்சை பலனின்றி இறந்தார் என்னும் பாங்கில் நாளிதழ்களில் செய்திகள் வருகின்றன. இறந்தவர் மீண்டும் இறப்பது எங்ஙனம்? கோமா எனப்படும் ஆழ்மயக்கத்தையும் மூளைச்சாவையும் ஒன்றெனக் கருதி எழுதுவோரும் உளர். ஆழ்மயக்கத்தினின்று மீண்டோர் உண்டு. மூளைச்சாவினின்று மீண்டோர் இலர்.

1994ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் மூளைத்தண்டுச் சாவை இறப்பாகவே ஏற்கிறது. மருத்துவர் நால்வர் கொண்ட குழு, குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இருமுறை சோதித்துச் சான்றளிக்க வேண்டும். கருவியின் துணையால் மார்பு ஏறி இறங்கக் காணும் தாயிடம், மகன் இறந்துவிட்டான் என்று மருத்துவர் உரைக்கும்போது அவள் எதனைப் பற்றிக்கொண்டு நம்புவாள்? முன்னர்ப் படித்த செய்தியில் இவ்விளக்கம் நான்கு வரிகளேனும் இருந்திருப்பின் அவளது ஐயம் ஒருவாறு நீங்கும்.

நாளிதழ்கள் நன்மை புரியவில்லை என்பது நம் கருத்தன்று. 2008இல் விபத்தில் மூளைச்சாவு அடைந்த பள்ளி மாணவரின் உறுப்புகளை மருத்துவர்களான பெற்றோர் வழங்கிய செய்தியை வீடுதோறும் சேர்த்தவை அவையே. எனினும், இதயம் கொண்டுசெல்லப்பட்ட விரைவினை வியந்து எழுதும் அளவுக்கு, இறப்பு உறுதிசெய்யப்படும் முறையினை எவரும் விளக்குவதில்லை. உருக்கம் மட்டும் போதாது, தெளிவும் வேண்டும்.

சொல்லால் இழைக்கப்பட்ட கொடுமையும் ஒன்றுண்டு. வறுமையால் சிறுநீரகம் விற்றோர் வாழ்ந்த சென்னை வில்லிவாக்கம் ஒருகாலத்தில் இதழ்களில் 'கிட்னிவாக்கம்' எனப்பட்டது. அப்பெயர் விற்ற ஏழையை இகழ்ந்தது. தரகரையோ வாங்கியவரையோ சுட்டவில்லை. விலைக்கு விற்பதையும் மனமுவந்து வழங்குவதையும் வேறுபடுத்தி எழுதாவிடின், கொடையின் மீதும் அவ்விகழ்ச்சியின் நிழல் படியும்.

நம் துறையில் பயின்று இதழ்ப்பணிக்குச் செல்லும் மாணவர்களே! மூளைச்சாவு என எழுதிய பின், உயிர் ஊசலாடுகிறது என எழுதாதீர். இறந்த நேரத்தை ஒருமுறை எழுதுங்கள்; உறுதியாக எழுதுங்கள். மருத்துவமனை வாயிலில் நிற்கும் குடும்பம் அச்சொல்லை நம்பியே முடிவெடுக்க வேண்டியுள்ளது.