பத்தொன்பதில் ஒருத்தி

2024-ல் கார்த்திகை பிறந்து ஐயப்பனுக்கு மாலை போடுகிற நேரம் பார்த்து, ஆறு வருடத்துப் பழைய பாட்டு ஒன்றைத் தூசி தட்டி எடுத்தார்கள். பாடியவரைக் கைது செய்ய வேண்டுமாம். பாட்டு, சபரிமலைக்குப் பெண்கள் போவதைப் பற்றிய ‘ஐ ஆம் சாரி ஐயப்பா’, பாடியவர் கானா பாடகி இசைவாணி, குழு ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’. முந்தைய கார்த்திகைகளில் எல்லாம் புண்படாத மனம் 2024 நவம்பரில் எப்படிப் புண்பட்டது என்று கேட்டால், ‘மற்ற மதத்தைப் பற்றிப் பாடுவாயா?’ என்ற தேய்ந்த கேள்விதான் திரும்பி வருகிறது. அதற்குப் பதில் எழுத இங்கே இடமில்லை.

என் எரிச்சல் இன்னொரு பக்கமும் உண்டு. இயக்குநர் பா.இரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து கட்டிய இந்தக் குழு, 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடை ஏறியது. அயோத்திதாசப் பண்டிதரின் ‘சாதி பேதமற்ற’ என்ற சொல்லிலிருந்து பெயர் எடுத்துக்கொண்ட குழு. தொடங்கியபோது கானாக்காரர்கள் 8 பேர், வாத்தியக்காரர்கள் 7 பேர், ராப் பாடுகிறவர்கள் 4 பேர். ஆக 19. அதில் பெண்? இசைவாணி ஒருவர்தான். நூற்றுக்கு ஐந்து சொச்சம். எல்லா வயதுப் பெண்களும் போகலாம் என்று 2018 செப்டம்பர் 28 அன்று தீர்ப்பு வந்த சபரிமலை வழக்கில், ஐந்து நீதிபதிகளில் இந்து மல்ஹோத்ரா ஒருவர் பெண், நூற்றுக்கு இருபது. பெண்ணுரிமை பாடும் ராக் குழுவை விகிதக் கணக்கில் உச்ச நீதிமன்றம் முந்திவிட்டது! (மாறுபட்ட தீர்ப்பு எழுதியவரே அவர்தானே என்று சிலர் துள்ளுவார்கள். துள்ளட்டும்.)

தனியாக நிற்கிற பெண்தான் எப்போதும் அகப்படுகிறாள். சபரிமலை சர்ச்சைக்கு நடுவே, 2019 புத்தாண்டு அன்று கேரளத்தில் காசர்கோட்டிலிருந்து திருவனந்தபுரம் வரை சுமார் 620 கிலோமீட்டருக்குப் பெண்கள் லட்சக்கணக்கில் தோளோடு தோள் சேர்த்துச் சுவராக நின்றார்கள். மறுநாள் விடியும் முன் இரண்டு பெண்கள் மட்டும் சபரிமலைச் சந்நிதிவரை போய் வந்தார்கள். அந்த இருவர்தான் போலீஸ் காவலில் நாட்களைத் தள்ளினார்கள், ஒருவர் சொந்த வீட்டிலேயே அடி வாங்கினார். சுவராக நின்ற லட்சக்கணக்கானோருக்கு அந்த நிலை வரவில்லை.

2024-ல் இசைவாணியின் முறை. ஆண்களின் கோட்டையான கானாவில் பாடி, 2020-ல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றபோது ‘நம்ம பொண்ணு’ என்று மார் தட்டிய ஊர் இது. அவருக்கு மிரட்டல் வந்தபோது தமிழக அறநிலையத் துறை அமைச்சர் சட்ட ஆலோசனை கேட்டு நடவடிக்கை என்றார். எதற்கு ஆலோசனை? 2018 தீர்ப்பையொட்டிய கேள்விகளைக் கூடுதல் நீதிபதிகள் அமர்வு விசாரிக்கட்டும் என்று 2019 நவம்பரில் சொன்னார்களே தவிர, தீர்ப்புக்குத் தடை விதிக்கவில்லை. நீதிமன்றம் எழுதியதைப் பாட்டாகப் பாடினால் குற்றமா? சமூக நீதி என்று மூச்சுக்கு முந்நூறு முறை சொன்ன அரசு, புகார் மனுவைக் கண்டதும் முதுகு வளைந்தது. மகளிர் தினத்துக்கு நகைக்கடைக்காரர் காசில் எடுக்கிற ‘பெண்ணே எழுந்திரு’ வகைப் பாட்டுக்கு எந்த ஸ்டேஷனிலும் மனு விழாது. அதில் எந்தக் கோயில், எந்த வாசல் என்று இருக்காது.

ஆண் கலைஞர்கள் அறிக்கை விட்டு ஆதரவு சொன்னது போதும். அடுத்த வீடியோவில் பத்துப் பெண்களை மைக் முன்னால் நிறுத்துங்கள். எந்த ஆய்வாளர் எத்தனை எஃப்.ஐ.ஆர். எழுதுகிறார் என்று பார்த்துவிடலாம்.