மெத்தென்ற பிரேக்

வீட்டுக் காரியங்களைத் தாமே செய்துகொள்ளும் பழக்கம் மெச்சத்தக்கது. அறுந்த பொத்தானைத் தைப்பதிலும், ஒழுகும் குழாயை அடைப்பதிலும் கை தவறினால் நஷ்டம் அதிகமில்லை. மறுபடி செய்து கொள்ளலாம். மோட்டார் வண்டியின் பிரேக் விஷயமோ அப்படியன்று. கொட்டகையில் நேர்ந்த பிசகு நடுவீதியில்தான் வெளிப்படும்.

நேயர் ஒருவர் கேட்கிறார்: "முன் சக்கரங்களின் காலிப்பர்களையும் பேட்களையும் நானே மாற்றினேன். இப்போது பெடலை மிதித்தால் பஞ்சு மெத்தையில் கால் வைத்தாற்போல் அமுங்குகிறது. மூன்று முறை மிதித்தால் இறுகுகிறது. இப்படியே ஓட்டலாமா?"

கூடாது என்பதே நமது விடை. காரணத்தைச் சற்று விளக்குவோம்.

அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் தரும் அழுத்தம் குறையாமல் எல்லாத் திசைகளிலும் பரவும் என்பது 17-ம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் வகுத்த விதி. 1921-ல் அமெரிக்காவில் டூசன்பர்க் வண்டி இவ்விதியை நான்கு சக்கரங்களின் பிரேக்குக்கும் பயன்படுத்திற்று. இன்றைய வண்டிகளிலும் பெடலை மிதிக்கும் கால், மாஸ்டர் சிலிண்டரிலுள்ள பிரேக் ஆயிலைத் தள்ளுகிறது. ஆயில் பேட்களை நெருக்குகிறது.

இரண்டு சிரிஞ்சுகளை மெல்லிய குழாயால் இணைத்துத் தண்ணீர் நிரப்புங்கள். ஒன்றை அழுத்தினால் மற்றது உடனே நகரும். நடுவே சிறிது காற்றை விட்டுப் பாருங்கள். அழுத்தும் விரல் முதலில் காற்றைத்தான் சுருக்கும். நமது நேயரின் கால் செய்யும் வேலையும் அதுவே. காலிப்பரைக் கழற்றியபோது குழாய் திறந்தது, காற்று புகுந்தது.

ஆயினும் எல்லா மென்மையும் காற்றினால் உண்டானதென்று முடிவு கட்டலாகாது. பெடல் தானே நோயைச் சொல்லும். மிதித்து உயர்ந்த பின்பும் ஸ்பிரிங்கைப்போல் துள்ளினால், காற்று. உயர்ந்தபின் கல்லைப்போல் நின்றால், பின் சக்கர டிரம்முக்குள் ஷூக்கள் விலகி நிற்கின்றன. அவற்றைச் சரிப்படுத்த வேண்டும். அழுத்திய கால் அசையாதிருக்கையில் பெடல் மெல்ல மெல்லத் தரையை நோக்கி இறங்கினால், ஆயில் எங்கோ கசிகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டரின் உள்ளே ரப்பர் பழுதுபட்டிருக்கிறது. பெடலை மிதித்தபடி எஞ்சினைக் கிளப்பும்போது அது சிறிது தணிந்து நிற்பது மட்டும் இயல்பு. பூஸ்டர் வேலை செய்கிறதென்பதற்கு அறிகுறி.

காலிப்பர் மாற்றியவர்கள் முதலில் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. காற்றை வெளியேற்றும் நிப்பிள் மேற்புறம் இருக்கிறதா? வலப்புறக் காலிப்பரை இடப்புறம் மாட்டினால், சில வண்டிகளில் அது சரியாகவே பொருந்தும். ஆனால் நிப்பிள் கீழே போய்விடும். காற்றோ மேலேதான் தங்கும். டப்பா டப்பாவாக ஆயிலை வடித்தாலும் அது அசையாது.

நிப்பிள் மேலே இருந்தால், இருவர் சேர்ந்து காற்றை எடுக்கலாம். நிப்பிளில் ஒரு குழாயைச் செருகி, மறுமுனையைச் சிறிது ஆயிலுள்ள பாட்டிலில் மூழ்க விடுக. ஒருவர் பெடலை மெதுவாக மிதித்துப் பிடிக்க, மற்றவர் நிப்பிளைத் திறந்து குமிழிகள் வந்தபின் மூடுக. மூடிய பின்னரே காலை எடுக்க வேண்டும். முந்தினால் வெளியேறிய காற்று திரும்பிவிடும். மேலுள்ள ஆயில் டப்பா காலியானால் முழு வேலையும் வீண். எந்தச் சக்கரம் முதலில் என்பதை வண்டியின் கையேட்டில் பார்த்துக் கொள்க. பழைய வண்டியில் பெடலைத் தரைவரை அழுத்தாமல் கீழே மரக்கட்டை வையுங்கள். மாஸ்டர் சிலிண்டரின் துருவேறிய பகுதியில் ரப்பர் உராய்ந்து கிழியக்கூடும். ஏ.பி.எஸ். உள்ள சில வண்டிகளில், அதற்குள் சிக்கிய காற்றை ஒர்க்‌ஷாப் கருவியால்தான் எடுக்க முடியும்.

ஆயிலிலும் சிக்கனம் வேண்டாம். சாதாரண பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 வகை புதிதாயிருக்கையில் 205 டிகிரி சென்டிகிரேடுக்குக் குறையாத சூட்டில்தான் கொதிக்க வேண்டுமென்பது விதி. ஈரமேறியதற்கு அந்த வரம்பே 140 டிகிரிதான். மலைப்பாதை இறக்கத்தில் அது கொதித்து ஆவியானால், பெடல் மீண்டும் மெத்தையாகிவிடும். ஆகையால் வடித்ததையும், நெடுநாள் திறந்து கிடந்ததையும் ஊற்றாதீர்கள்.

"மூன்று முறை மிதித்தால் பிடிக்கிறதே" என்று சமாதானம் கொள்வோருக்கு ஒரு கணக்கு. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் செல்கிறது. குறுக்கே ஓடிவரும் குழந்தை, நாம் மூன்றாம் முறை மிதிக்கும் வரையில் காத்திராது.

முதல் மிதியிலேயே பெடல் உறுதியாக நின்றால், ஆளில்லாத சமதரையில் மெதுவாக ஓட்டிச் சோதித்த பின்பே வீதிக்குச் செல்லுங்கள். நில்லாவிட்டால் மெக்கானிக்கை வீட்டுக்கு அழைத்து வாருங்கள் — அந்த வண்டியில் மட்டும் போய் அழைக்க வேண்டாம்.