வாயைப் பார்த்தது போதும், விரலைப் பாருங்கள்

“ஆம்பளப் புள்ள, மெதுவாத்தான் பேசும்.” தமிழ்நாட்டு வீடுகளில் இதற்கு மேல் அப்பீல் கிடையாது. பேர் சொல்லிக் கூப்பிட்டால் ஒன்றரை வயதுப் பிள்ளை திரும்புவதில்லையே என்று தாய் கலங்கினால், “உன் புருஷனே மூணு வயசுலதான் வாயைத் திறந்தான்” என்று மாமியார் அடக்கிவிடுவார். பக்கத்து வீட்டு அக்கா வசம்பைச் சுட்டு நாக்கில் தேய்க்கச் சொல்வார். படித்த சித்தப்பா ஐன்ஸ்டைனை இழுத்து வருவார். யாரும் கெட்டவர்கள் அல்ல. பிள்ளைமேல் உயிரையே வைத்திருப்பவர்கள். அதனாலேயே அவர்கள் பேச்சைத் தாண்டிப் போக அந்தத் தாய்க்குத் துணிவு வருவதில்லை.

இந்த நம்பிக்கையில் பாதி உண்மை இருக்கிறது. தாமதமாகப் பேசத் தொடங்கும் குழந்தைகளில் பலர் பள்ளிக்குப் போகும் வயதுக்குள் மற்றவர்களை எட்டிப் பிடித்துவிடுகிறார்கள். கல்யாண வீட்டுப் பந்தியில் பேசப்படுவது அவர்களுடைய கதைதான். தேறாத பிள்ளையின் கதையை எந்தக் குடும்பமும் அங்கே அவிழ்ப்பதில்லை.

ஆனால் பெரிய பிழை வேறு. பேர் சொன்னாலும் திரும்பாத பிள்ளைக்கு ஆட்டிசம் இருக்குமோ என்று பார்க்கும் முதற்கட்டப் பரிசோதனை தேடுவது பேச்சையே அல்ல. உலகெங்கும் அதிகம் பயன்படுவது எம்-சாட் எனும் கேள்வித்தாள். 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கானது. 20 கேள்விகள், பெற்றோர் ஆம், இல்லை என்று சொன்னால் போதும். பிள்ளை எத்தனை வார்த்தை பேசுகிறது என்று அதில் ஒரு கேள்விகூடக் கிடையாது!

வேறு என்னதான் கேட்கிறார்கள்? மொட்டைமாடியில் சோறு ஊட்டும்போது “அதோ பார் நிலா” என்று கை நீட்டுகிறோம். விரல் காட்டும் திசையில் பிள்ளை பார்க்கிறதா? எட்டாத டப்பா வேண்டுமென்றால் தானே விரல் நீட்டுகிறதா, இல்லை நம் கையைப் பிடித்து இழுத்துப்போய் அதன்மேல் வைக்கிறதா? விமானம் பறக்கும்போது, தனக்கு எதுவும் வேண்டாம், “நீயும் பார்” என்பதற்காக மட்டும் விரல் நீட்டுகிறதா? இந்தக் கடைசி விரல் மிக முக்கியம். தான் கண்டதை இன்னொருவரோடு பகிர்ந்துகொள்ளும் ஆசை அதில் இருக்கிறது. பேர் சொன்னால் திரும்புவது, சிரித்தால் சிரிப்பது, செய்வதைப் பார்த்துச் செய்வது எல்லாம் இதே வகை.

இதில் பரம்பரைக் கதைக்கு என்ன வேலை? அப்பா தாமதமாகப் பேசியிருக்கட்டும். அந்த வயதில் அவர் விரல் நீட்டிக் காட்டினாரா என்று மாமியாருக்கு நினைவிருக்கிறதா? மறுபக்கம், டிவி விளம்பரத்தை வரி பிசகாமல் ஒப்பித்துவிட்டு, தண்ணீர் வேண்டுமென்று கேட்கத் தெரியாத பிள்ளைகளும் உண்டு. அங்கே “அதான் பேச்சு வந்துடுச்சே” என்று வீடு நிம்மதியடைகிறது.

அடுத்த பயம், முத்திரை குத்திவிடுவார்கள் என்பது. இந்தக் கேள்வித்தாள் யாருக்கும் ஆட்டிசம் என்று தீர்ப்பு எழுதுவதில்லை. மதிப்பெண் 3 முதல் 7 வரை வந்தால் மறுபடி விவரமாக விசாரிப்பார்கள். அதற்குப் பிறகும் சந்தேகம் நின்றால்தான் முழுப் பரிசோதனை. காது கேட்கிறதா என்பதையும் பார்ப்பார்கள். அமெரிக்காவில் 16,000-க்கும் அதிகமான குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2014-இல் வெளிவந்தது. இரண்டு கட்டங்களிலும் சந்தேகத்தில் நின்று முழுப் பரிசோதனைக்கு வந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ஆட்டிசம் இருந்தது. ஆட்டிசமோ வேறு வளர்ச்சிக் குறையோ, ஏதாவதொரு கவனம் தேவைப்பட்டவர்கள் சுமார் 95 சதவீதம். வீண் பீதி என்று இதைத் தள்ள முடியுமா?

“எல்லாக் குழந்தைகளையும் சோதிக்கப் போதிய ஆதாரமில்லை என்று அமெரிக்க நிபுணர் குழுவே 2016-இல் சொன்னதே” என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்கலாம். சொன்னது உண்மை. ஆனால் அது, யாருக்கும் எந்தச் சந்தேகமும் எழாத குழந்தைகளைப் பற்றியது. நாமோ சந்தேகம் எழுந்த தாயின் வாயையே அடைத்துக்கொண்டிருக்கிறோம்.

கண்டுபிடித்து என்ன செய்ய, சிகிச்சைக்குச் சென்னைக்கா ஓட முடியும் என்பது நியாயமான கேள்வி. ஆட்டிசம் மருந்தால் மறைகிற நோயல்ல. பிள்ளை தன் தேவையைச் சொல்ல ஒரு வழி திறப்பதுதான் பயிற்சியின் வேலை. அதற்கு எப்போதும் பெரிய நிபுணர் வேண்டும் என்பதில்லை. கோவாவிலும் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளைக் கொண்டு நடந்த ஆய்வில், நிபுணரல்லாத பணியாளர்களே பெற்றோருக்குப் பயிற்சி கொடுத்தார்கள். குழந்தைகள் தாமாகத் தொடர்புகொள்வது கூடியது. தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் சமூகப் பணியாளர்களைக் கொண்டு வீடு தேடிப் போய்ப் பயிற்சி கொடுக்கிறது.

அரசிடமும் திட்டம் இருக்கிறது. 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் குழு ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிக்கு வர வேண்டும். ஆனால் ஒன்றரை வயதுப் பிள்ளை வீட்டில் அல்லவா இருக்கிறது? அது தவறாமல் வரும் இடம் ஒன்று உண்டு: ஆரம்ப சுகாதார நிலையத்தின் புதன்கிழமைத் தடுப்பூசி வரிசை. 16 முதல் 24 மாதத்துக்குள் பூஸ்டர் ஊசி போட வேண்டும். எம்-சாட்டுக்கும் ஏற்ற வயதுதான் அது. ஊசி போட்டுவிட்டு அரைமணி நேரம் உட்காரச் சொல்கிறோமே, அந்த நேரத்தில் செவிலியர் 20 கேள்விகளையும் தமிழில் கேட்டு முடித்துவிடலாம். புதுக் கட்டடம் வேண்டாம், புது இயந்திரமும் வேண்டாம்.

“மூணு வயசு வரைக்கும் பார்ப்போம்” என்று அனுப்பிவைக்கும் டாக்டர்களுக்கும் சொல்ல ஒன்று உண்டு. பார்க்கலாம், தப்பில்லை. அந்த 20 கேள்விகளையும் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.