'இஸ்கூல்' என்றால் ஏன் சிரிக்க வேண்டும்?

'ஸ்கூல்' என்பதை ஒரு பிள்ளை 'இஸ்கூல்' என்று சொன்னால் போதும், வகுப்பறையிலும் நகைச்சுவைக் காணொளியிலும் சிரிப்புக் கிளம்பிவிடும். கிழக்கிலங்கையின் சம்மாந்துறை, நிந்தவூர், கல்முனைப் பக்கத்துப் பிள்ளைகள் பலர் இந்தச் சிரிப்புக்குப் பயந்தே தெரிந்த ஆங்கிலத்தையும் வாய்க்குள் விழுங்கிக்கொள்கிறார்கள்.

அந்த 'இ' அறியாமையால் வருவதல்ல. மெய்யொலிகள் இரண்டு சேர்ந்து சொல்லைத் தொடங்குவது தமிழ் நாவுக்குப் பழக்கமில்லை. முன்னால் ஓர் உயிரொலி தானாக வந்து நிற்கிறது. ஸ்பானியர்களும் இப்படித்தான். இலத்தீன் 'ஸ்கோலா' அவர்கள் வாயில் 'எஸ்குவேலா' ஆனது. இன்று அகராதியில் இருக்கும் முறையான சொல் அது. மட்ரிட்டில் முறையானது மருதமுனையில் மட்டும் பகிடியா?

இந்த அவமானம் தமிழ் பேசுவோருக்கு மட்டும் உரியதுமல்ல. கொழும்பில் ஆங்கிலத்தோடு வளர்ந்தவர்கள், 'ஒ' ஓசையைத் தங்களைப்போல் உச்சரிக்காத சிங்களவர்களை 'நொட் பொட்' என்று கேலி செய்துவந்தார்கள். சிங்கள மாணவர்களோ ஆங்கிலத்துக்கே 'கடுவ', அதாவது வாள், என்று பெயர் வைத்தார்கள். வெட்டுப்பட்டவர்கள் வைத்த பெயர். மொழியியலாளர் திரு கந்தையா 1984இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் தலைப்பிலும் அந்த வாள் இருக்கிறது.

2009ஐ ஆங்கிலத்துக்கும் தகவல் தொழில்நுட்பத்துக்குமான ஆண்டாக அறிவித்த அரசாங்கம், ஆங்கிலத்தை நம் பாணியிலேயே பேசுவோம் என்றது. நல்ல முடிவு. ஆனால் சாதாரண தர ஆங்கிலப் பரீட்சை எழுத்தோடு நின்றது. பேச்சைப் பரீட்சிக்காமலே பிள்ளையை அனுப்பிவிட்டு, பிறகு அதன் பேச்சைக் கேட்டுச் சிரிப்பது அநியாயம்.

பகிடிதானே, விட்டுவிடலாமே என்பார்கள். அமெரிக்காவின் 'சிம்ப்சன்ஸ்' கேலிச்சித்திரத் தொடரில் அபு என்ற இந்தியக் கடைக்காரருக்கு 1990 முதல் குரல் கொடுத்தவர் ஹாங்க் அசாரியா என்ற வெள்ளை நடிகர். அந்தக் குரலில் பேசிக்காட்டியே பள்ளியில் தங்களைச் சீண்டினார்கள் என்று இந்திய வம்சாவளியினர் வளர்ந்தபின் சொன்னார்கள். அவர்களில் ஒருவரான ஹரி கொண்டபோலு 2017இல் அதை ஆவணப்படமாக்கினார். அசாரியா 2020இல் அந்தப் பாத்திரத்திலிருந்து விலகினார். மறு ஆண்டு மன்னிப்பும் கேட்டார். முப்பது வருடம் பிந்தி வந்த மன்னிப்பு அது.

தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையிலேயே இருக்கிறது. அங்கே விஞ்ஞானத்தை ஆங்கிலத்தில்தான் படிக்க வேண்டும். அந்த வாசலுக்குப் போகுமுன்பே நம் பிள்ளைகளின் வாயை அடைத்துவிடக் கூடாது. ஆங்கில ஆசிரியர்கள் முதல் தவணையிலேயே வகுப்பில் இந்தச் சிரிப்பை நிறுத்த வேண்டும். நேர்முகப் பரீட்சை நடத்துவோர், சொன்னது புரிந்ததா என்பதற்குப் புள்ளி போடட்டும். ஊர் வாடைக்குப் புள்ளி குறைக்க வேண்டாம்.