லாமேக்கின் பாட்டு

தியானப் பகுதி: ஆதியாகமம் 4:8–24, மத்தேயு 18:21–22, யோவான் 18:10–11



சில வாரங்களுக்கு முன் வாலிபர் கூடுகை முடிந்தபின், ஒரு தம்பியின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸைக் காண நேர்ந்தது. அரை நிமிடக் காணொளி. முறுக்கிய மீசை, உயர்ந்த அரிவாள், பின்னணியில் ‘தேவர் மகன்’ திரைப்படத்தின் புகழ்ப்பாடல். இறுதியில் கறுப்புக் கண்ணாடி அணிந்த அவனுடைய புகைப்படம். சென்ற ஆண்டுதான் திடப்படுத்தல் பெற்று முதல் திருவிருந்தில் பங்குகொண்டவன் அவன்.

நான் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. “தம்பி, இந்தப் படத்தை முழுவதும் பார்த்திருக்கிறாயா?” என்று மட்டும் கேட்டேன். “இல்ல ஐயா, யூடியூப்ல இந்த சீன் மட்டும்தான் பாத்திருக்கேன். முடிவுல என்ன ஆகும்?” என்றான்.

அந்தக் கேள்வி இன்றளவும் என்னை விட்டு அகலவில்லை. முடிவை அறியாமலே அரிவாளைக் கொண்டாடுகிற பிள்ளைகளாக அவர்களை வளர்த்தது யார்? அவனைக் குற்றப்படுத்த எனக்கு வாயில்லை. 1992ஆம் ஆண்டு தீபாவளிக்கு அத்திரைப்படம் வெளிவந்தபோது நானும் இருபது வயதை ஒட்டிய வாலிபன். முழுப் படத்தையும் பார்த்தேன். ஆனாலும் திரையரங்கைவிட்டு வெளியே வந்தபோது நண்பர்களும் நானும் பேசியது சண்டைக் காட்சியைப் பற்றியே. கடைசிக் காட்சியைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

படம் பாராதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கமல்ஹாசன் எழுதி, பரதன் இயக்கி, சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதைப் பெற்ற திரைப்படம் அது. வெளிநாட்டில் படித்த சக்திவேல் ரயிலில் தன் ஊருக்கு வந்து இறங்குகிறான். உணவகங்கள் நடத்த வேண்டும் என்பதே அவனுடைய கனவு. ஊரிலோ அவனுடைய தகப்பனார் குடும்பத்துக்கும் சிற்றப்பன் மகன் மாயனுடைய குடும்பத்துக்கும் தீராப் பகை. பூட்டிக் கிடந்த கோயிலை அவன் திறக்கச் செய்கிறான். அதிலிருந்து பழிக்குப் பழி தொடங்குகிறது. இறுதியில் மாயனைச் சரணடையும்படி மன்றாடியும் கேளாமல் அவன் தாக்கவே, அந்தப் போராட்டத்தில் சக்திவேலின் கையாலேயே மாயன் வெட்டுண்டு சாகிறான். எந்தக் கை அரிவாளைத் தொடக்கூடாது என்று எண்ணியிருந்தானோ அந்தக் கையில் இரத்தம். பழியைத் தாங்கள் ஏற்றுக்கொள்வதாகச் சொல்லும் ஊராரை அவன் மறுத்துவிடுகிறான். பிள்ளைகளைப் படிக்க வைக்கும்படி கேட்டுக்கொண்டு காவலர்களோடு போகிறான். ரயிலில் வந்தவன் ரயிலிலேயே கைதியாய்த் திரும்புகிறான். இதுவே முடிவு.

ஆகிலும் இத்தமிழ்நாடு அந்தப் படத்திலிருந்து எடுத்துக்கொண்டது எதை? கடைசிக் காட்சியின் கண்ணீரை அல்ல, புகழ்ப்பாடலை. அப்பாடல் ஊர்வலங்களிலும் விழாக்களிலும் ஒலிபெருக்கிகளில் அறைகூவலாக ஒலித்தது. இதில் படம் எடுத்தவர்களுக்குப் பங்கில்லை என்றும் நான் சொல்லமாட்டேன். இறுதிச் சில நிமிடங்களில் கண்டிக்கப்போகும் பெருமையை, அதற்கு முன் ஏறக்குறைய முழுப் படத்திலும் அழகாக அலங்கரித்துக் காட்டினால், ஜனங்கள் அலங்காரத்தைத்தான் வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். ஒரு சமுதாயத்தாரைக் குறைகூற இதை எழுதவில்லை. தன் பாட்டன் வெட்டியதைப் பெருமையாகச் சொல்லாத சாதி நம் பகுதியில் எது?

பிரியமானவர்களே, இது 1992இல் தோன்றிய நோய் அல்ல. ஆதியாகமம் நான்காம் அதிகாரத்திலேயே இது இருக்கிறது. காயீன் தன் சகோதரனைக் கொன்றான். ஆனால் அவன் அதைக் கொண்டாடவில்லை. தன் தண்டனை தாங்கமுடியாதது என்று கர்த்தரிடம் கதறினான். தன்னைக் காண்கிறவன் எவனும் தன்னைக் கொல்வானே என்று அஞ்சி அலைந்தான். அவனுக்கு ஏனோக்கு, ஏனோக்குக்கு ஈராத், பின் மெகுயவேல், மெத்தூசவேல், அதன்பின் லாமேக்கு. ஐந்தாம் தலைமுறையாகிய லாமேக்கும் ஒரு மனுஷனைக் கொன்றான். அவன் கதறவில்லை. தன் மனைவிகளாகிய ஆதாளையும் சில்லாளையும் அழைத்து, தான் கொன்றதைப் பாட்டாகச் சொன்னான். காயீனுக்காக ஏழு மடங்கு பழி என்றால் தனக்காக எழுபத்தேழு மடங்கு என்று மார்தட்டினான்.

அந்த வீட்டை உற்றுப் பாருங்கள். லாமேக்கின் ஒரு மகன் யூபால். கின்னரம் நாகசுரம் வாசிக்கிற யாவருக்கும் தகப்பன். இன்னொரு மகன் தூபால்காயீன்; பித்தளையிலும் இரும்பிலும் கருவிகள் செய்கிறவன். இசையும் இரும்பும் ஒரே கூரையின்கீழ். காயீனின் பாவத்தை இந்த ஐந்து தலைமுறைகள் அழித்துவிடவில்லை. அதன் துக்கத்தை மட்டுமே அழித்தன. துக்கம் போன இடத்தில் பாட்டு வந்து உட்கார்ந்தது. வன்முறை ஒரு சமுதாயத்தில் வேர்விடுவது முதல் வெட்டில் அல்ல; அந்த வெட்டு பாட்டாகும்போதே என்பது என் துணிபு.

இந்தப் பாட்டில் எப்போதும் இடம்பெறாத ஒருவன் உண்டு. அந்தத் தம்பிக்குப் படத்தின் முடிவைச் சொன்னபோது இசக்கியைப் பற்றியும் சொன்னேன். வடிவேலு நடித்த பாத்திரம் அது. சக்திவேல் சொன்னதற்காகக் கோயில் பூட்டைத் திறந்த ஏழை வேலைக்காரன் இசக்கி. அதற்குத் தண்டனையாக அவனுடைய கை வெட்டப்படுகிறது. பகையோ பெரிய வீடுகள் இரண்டுக்கு. கை போனது இசக்கிக்கு. கரையை உடைத்து விடப்பட்ட வெள்ளத்திலும், திருவிழாவில் வைத்த வெடியிலும் மாண்டவர்கள் அந்த இரு வீட்டாரும் அல்லர். இயக்குநர் மாரி செல்வராஜ் 2023இல் தம் ‘மாமன்னன்’ படத்தைப் பற்றிப் பேசியபோது, இந்த இசக்கியே மாமன்னன் ஆனால் எப்படியிருக்கும் என்ற எண்ணத்தைச் சொன்னார். முப்பது ஆண்டுகளுக்குப் பிறகாவது ஒருவர் அந்தக் கையைப் பற்றிக் கேட்டார்.

நம் ஆண்டவரோ அதே இரவில் கேட்டார். கெத்செமனேயில் பேதுரு பட்டயத்தை உருவினார். அவருடைய கோபம் பிரதான ஆசாரியன்மேல். வெட்டுண்டதோ ஆசாரியனுடைய வேலைக்காரனாகிய மல்குஸின் காது. இயேசு பேதுருவின் வீரத்தைப் புகழவில்லை. பட்டயத்தை உறையிலே போடச் சொன்னார். தம்மைக் கட்டிக்கொண்டுபோக வந்தவனுடைய காதைத் தொட்டுச் சொஸ்தமாக்கினார் என்று லூக்கா எழுதுகிறார். சிலுவைக்குமுன் அவருடைய கைகள் கடைசியாகச் செய்த சுகம் அது. நம்முடைய பக்கத்தார் வெட்டிய காயத்தைக் கட்டுவதே அவருடைய வழி.

“ஐயா, தற்காப்புக்காகக் கொன்றால்? நியாயத்துக்காகக் கொன்றால்?” என்று சிலர் கேட்கலாம். சக்திவேல் கொன்றதும் தற்காப்பில்தான். ஆயினும் அவன் தன்னைக் குற்றமற்றவன் என்று சொல்லிக்கொள்ளவில்லை. அதே 1992இல் அமெரிக்காவில் கிளின்ட் ஈஸ்ட்வுட் ‘அன்ஃபர்கிவன்’ என்ற குதிரைவீரர் படத்தை எடுத்தார். துப்பாக்கி வீரர்களைப் புகழ்ந்தே வளர்ந்த படவகை அது. அதில் நடித்தே பெயர்பெற்ற அவர், கொலை செய்தவன் முதுமையிலும் அதன் பாரத்தைச் சுமப்பதை அதில் காட்டினார். வேதமோ இதை முன்னரே சொல்லியிருக்கிறது. கோலியாத்தை வீழ்த்திய தாவீதை ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு நடித்துக் காட்டுகிறோம். ஆனால் 1 நாளாகமம் 22:8ஐ எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தோம்? திரளான இரத்தத்தைச் சிந்தினபடியால் தாவீது ஆலயத்தைக் கட்டக்கூடாது என்றார் கர்த்தர். தாவீது கர்த்தருக்குப் பிரியமானவன்தான், மன்னிக்கப்பட்டவன்தான். ஆயினும் அந்தக் கைகளுக்கு அந்த வேலை இல்லை. மன்னிப்பு உண்டு என்பதால் விலை இல்லை என்று ஆகிவிடாது.

இந்த விலை நமக்குத் தூரத்துச் செய்தி அல்ல. நம் மாவட்டம் 1985இல் பிறந்தபோது காமராஜர் பெயரைத் தாங்கியிருந்தது. 1997இல் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கத்தின் பெயர் சூட்டப்பட்டபோது எழுந்த கலவரத்தில் தென்மாவட்டங்கள் எரிந்தன. முடிவில் எல்லா மாவட்டங்களிலிருந்தும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை அரசு நீக்கியது. ஒரு பெயரைப் பேருந்தில் தாங்கமாட்டாத நாம் எல்லாப் பெயர்களையும் இழந்தோம்.

ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் வெளியூராருக்கு ஆண்டாள் கோயில் கோபுரமும் பால்கோவாவும் நினைவுக்கு வரும். நம் மாவட்ட முதன்மை நீதிமன்றமும் அங்கேதான் இருக்கிறது என்பதை அதன் படி ஏறியவர்கள் அறிவார்கள். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கொலை வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டவனுடைய தாயாருக்குத் துணையாக அங்கே போயிருந்தேன். காவல் வண்டியிலிருந்து மகன் இறங்கி உள்ளே நடக்கும் அந்த ஒரு நிமிடத்துக்காகக் காலை முதல் நின்றார்கள். தாழ்வாரத்தின் மறுமுனையில் இறந்துபோனவனுடைய தாயார், மடியில் ஒரு துணிப்பையோடு அமர்ந்திருந்தார்கள். வழக்கு இன்னொரு தேதிக்குத் தள்ளிப்போனது. திரும்பும்போது இருவரும் ஏறியது ஒரே பேருந்து. நடத்துநர் வந்தபோது, முன் இருக்கையிலிருந்து ஒரு தாய் “ராஜபாளையம் ஒண்ணு” என்றார்கள். பின்னாலிருந்து மற்றத் தாயும் அதையே சொன்னார்கள். ஊர் வந்து சேரும்வரை ஒருவரும் பேசவில்லை. எனக்கும் பேச வார்த்தை இல்லை. அரை நிமிடக் காணொளியில் இந்தப் பேருந்துக்கு இடமில்லை.

நம் சபையில் யாரும் அரிவாள் தூக்கவில்லையே என்று நாம் ஆறுதல் கொள்ள வேண்டாம். அரிவாளைத் தொடாமலே பாட்டைப் பாட முடியும். சபைத் தேர்தல் வரும்போது “நம்ம ஆள்” யார் என்று எண்ணுகிறோமே, அது அந்தப் பாட்டின் மெட்டுதான். கல்யாண வீட்டில் பிள்ளைகளை உட்காரவைத்து, “உன் தாத்தா அன்றைக்கு நின்ற நிற்பு தெரியுமா?” என்று சொல்கிறோமே, அதுவும்தான். அதே தாத்தா வழக்குக்காக நிலத்தை விற்றதையும், அத்தைக்குப் பேசியிருந்த சம்பந்தம் நின்றுபோனதையும், பாட்டி கடைசிவரை அந்தத் தெருவழியே நடக்காததையும் சொல்கிறோமா?

ஆகையால் இந்த வாரம் மூன்று காரியங்களை உங்கள் முன் வைக்கிறேன். முதலாவது, பெற்றோரே, உங்கள் குடும்பத்தில் நடந்த ஒரு சண்டையின் கதையைப் பிள்ளைகளுக்கு முடிவுவரை சொல்லுங்கள். யார் வென்றார் என்பதோடு நிறுத்தாமல், யாருக்கு என்ன போயிற்று என்பதையும் சொல்லுங்கள். இரண்டாவது, வாலிபரே, ஒரு காட்சியைப் பகிருமுன் அதில் வெட்டுண்டவனுடைய பெயர் என்ன என்று கேளுங்கள். மூன்றாவது, திருவிருந்துக்கு வருமுன், பேச்சற்றுப்போன ஒரு வீட்டின் கதவைத் தட்டுங்கள். எத்தனைதரம் மன்னிக்க வேண்டும் என்று பேதுரு கேட்டபோது, ஏழெழுபதுதரம் என்றார் நம் ஆண்டவர். லாமேக்கு பழிக்காகச் சொன்ன பெருங்கணக்கை அவர் மன்னிப்பின் கணக்காக மாற்றி நம் கையில் கொடுத்திருக்கிறார்.

நம் ராஜபாளையத்துக்கு அருகே சத்திரப்பட்டியில் தறிகள் நெய்வது மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணி. அந்தத் தறிச் சத்தத்தைக் கேட்டுக் கடக்கும்போதெல்லாம், காயத்தைக் கட்டும் துணி நெய்கிற மண்ணில் காயத்தைப் பாடுகிறவர்களாய் நாம் இருக்கலாமா என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

அந்தத் தம்பி அன்றைக்குத் தன் ஸ்டேட்டஸை நீக்கவில்லை. நானும் வற்புறுத்தவில்லை, அது 24 மணி நேரத்தில் தானாகவே மறைந்துவிடும். ஆனால் வாசல்வரை போனவன் திரும்பி வந்து, “ஐயா, அந்த இசக்கிக்கு அப்புறம் என்ன ஆச்சு?” என்று கேட்டான். அவன் கேட்கத் தொடங்கிவிட்டான். அவனுக்காகவும் நம் எல்லாப் பிள்ளைகளுக்காகவும் ஜெபியுங்கள்.

ஜெபம்: மல்குஸின் காதைத் தொட்ட ஆண்டவரே, எங்கள் வீடுகளிலிருந்து லாமேக்கின் பாட்டை நீக்கியருளும். நாங்கள் மறைத்த துக்கங்களை எங்கள் பிள்ளைகளுக்கு உண்மையாய்ச் சொல்லும் தைரியத்தைத் தாரும். நீதிமன்றத் தாழ்வாரங்களில் காத்திருக்கும் எல்லாத் தாய்மாரையும் நினைத்தருளும். எங்கள் கைகளைக் காயங்கட்டும் கைகளாக்கும். இயேசுவின் நாமத்தில் வேண்டுகிறோம். ஆமென்.